இரண்டாயிரம் வருஷப் பகையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் இலங்கைப் பேச்சு வந்தால் போதும், "சிங்களவனுக்கும் தமிழனுக்கும் ரெண்டாயிரம் வருஷப் பகைப்பா" என்று யாராவது தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டே முடித்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவரின் பேரன் நான். எனக்கு இது ஒப்பவில்லை. பகை என்றுவிட்டால் யார் மீதும் குற்றமில்லை, சௌகரியம்.

1948இல் தோட்டத் தமிழர்களின் குடியுரிமை போனது நாடாளுமன்றச் சட்டத்தால். 1956இல் ஓட்டுக்காகச் 'சிங்களம் மட்டும்' சட்டம் கொண்டுவந்த பிரதமர் பண்டாரநாயக்காவே மறுவருடம் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு, தமிழர் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் தர ஒப்பந்தம் போட்டார். அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பியவர் அன்றைய எதிர்க்கட்சி ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தனா. 1958இல் பௌத்த பிக்குகள் தன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கைவிட்டார். சரி, 1983 ஜூலையில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடியபோது ஜனாதிபதி யார்? அதே ஜெயவர்த்தனா.

நம் பக்கக் கணக்கும் உண்டு. சொன்னால் கடையில் முறைப்பார்கள். 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விரட்டியது புலிகள்தான். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம்.

2009இல் போர் முடிந்த நாளான மே 18க்கு அடுத்த முறை நீங்கள் போடும் நினைவுப் பக்கத்தில் படங்களோடு இந்தத் தேதிகளையும் பெயர்களையும் போடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
செந்தூல், கோலாலம்பூர்.