தடைக்கு முன் அடுப்பைப் பாருங்கள்

மினமாட்டா உடன்படிக்கையின் கீழ் சிறு தங்கச் சுரங்கத் தொழிலுக்கான தேசியச் செயல்திட்டம் எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2013இல் கையெழுத்தாகி 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் அந்தப் பன்னாட்டு உடன்படிக்கை உங்களிடம் கேட்பது பாதரசத்தைக் குறைக்கவும் முடிந்த இடத்தில் ஒழிக்கவும் ஒரு திட்டம். அத்திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியலில் பொதுச் சுகாதாரமும் ஒன்று. அதைப் பட்டியலின் ஒரு வரியாக விட்டுவிடாமல், எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் ஏறக்குறைய 38 விழுக்காடு சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018 மதிப்பீடு சொன்னது. எந்தக் கூட்டத்திலும் இந்த எண்ணைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். சரி, பெரிய எண்தான். ஆனால் அந்த ஆவி வானத்துக்குப் போவதற்கு முன்னால் அடுப்பின் முன் குனிந்திருக்கும் ஒருவரின் நெஞ்சுக்குள் போகிறது. அவரைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை.

வேலை நடக்கும் விதம் உங்களுக்குத் தெரிந்ததே. அரைத்த தாதுவோடு பாதரசத்தைக் கலந்தால் அது தங்கத் துகள்களைப் பற்றிக்கொள்ளும். துணியில் வைத்துப் பிழிந்தால் மிஞ்சுகிற கட்டியில் ஏறக்குறைய பாதி பாதரசம். அதைத் தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகப் போய்த் தங்கம் நிற்கும். ஆபத்து அதிகம் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சில் போவதில் சுமார் 80 விழுக்காடு நுரையீரல் வழியே இரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து மூளைக்குப் போகும், சிறுநீரகத்தில் தங்கும், கர்ப்பிணியானால் கருவையும் எட்டும். திரவமாக விழுங்கினாலோ உடல் அதில் மிகச் சொற்பத்தையே உறிஞ்சும். பல வருடம் கையாலேயே பிழிந்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு தொழிலாளி கேட்டால், அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். “பாதரசம் விஷம்” என்று மட்டும் எழுதிய சுவரொட்டி அவரை அசைக்காது. திரவத்துக்கும் ஆவிக்கும் உள்ள வேறுபாட்டை யாராவது அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

நோயும் அடையாளம் காட்டாமல் வரும். கை நடுக்கம், தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், மறதி, ஈறு வீக்கம், சிறுநீரில் புரதம். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் சொல்லிவிடலாம்: குடி, வயது, அலுப்பு. சுரங்கப் பகுதி மருத்துவமனையில் நடுக்கத்தோடு வருபவரிடம் “என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே வைத்துச் சுடுகிறீர்கள்” என்று கேட்கப் பழக்குவதற்குச் செலவு அதிகம் இல்லை. எந்தச் சோதனை என்பதும் முக்கியம். ஆவியைச் சுவாசித்தவருக்குச் சிறுநீர்ச் சோதனை. பாதரசத்தின் இன்னொரு வடிவமான, ஆற்று மீன் வழியாக உடலில் சேரும் மெத்தில் பாதரசத்துக்கு முடி அல்லது இரத்தம். உடன்படிக்கைக்குப் பெயர் தந்த ஜப்பானின் மினமாட்டா ஊரைப் பாதித்தது இந்த இரண்டாவது வகை. சுடுபவரின் முடியை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு “அளவு பரவாயில்லை” என்று எழுதினால் தேடியதையே தவறவிட்டதாகும்.

இப்போது தடைக்கு வருகிறேன். திறந்த வெளியில் சுடுவதையும் குடியிருப்புப் பகுதியில் சுடுவதையும் ஒழிக்க வேண்டிய மோசமான முறைகள் என்று உடன்படிக்கையே சொல்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மாற்று எதையும் தராமல் ஆய்வாளரை மட்டும் அனுப்பினால், தீ வீட்டுக்குள் போகும். கதவைச் சாத்திய அறை, பக்கத்தில் தூங்கும் குழந்தை. வெளியே சுட்டதைவிட மோசம்.

மாற்று இல்லாமல் இல்லை. ஆவியைக் குழாய் வழியே குளிரவைத்துப் பிடிக்கும் வாலை, அதாவது ரிட்டார்ட், சரியாகப் பயன்படுத்தினால் பாதரசத்தில் பெரும்பகுதியைத் திரும்பத் தரும். பிறகு ஏன் இலவசமாகக் கொடுத்தவையும் மூலையில் கிடக்கின்றன? நேரம் அதிகம் பிடிக்கும் என்பது ஒன்று. இன்னொன்று, பலர் பங்குபோடும் தங்கம் இரும்புக் கலத்துக்குள் மறைந்துவிடுகிறது. திறந்த தீயில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கலாம், யாரும் கிள்ளிக்கொள்ள முடியாது. இந்தச் சந்தேகத்துக்கு மதிப்புக் கொடுக்காத எந்தப் பயிற்சியும் வீண். உள்ளே தெரியும் கண்ணாடி வாலைகளும் இருக்கின்றன. எதுவானாலும் ஆறுவதற்கு முன் திறக்கக் கூடாது. பிலிப்பைன்ஸின் பெங்கெட் பகுதியில் பாதரசமே இல்லாமல், செறிவூட்டிய தாதுவை வெண்காரத்தோடு, அதாவது போராக்ஸோடு, உருக்கித் தங்கம் எடுக்கிறார்கள். எல்லாத் தாதுவுக்கும் அது ஒத்துவராது. ஒத்துவரும் இடத்தில் அந்தத் தொழிலாளர்களையே வரவழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தங்கம் வாங்கும் கடைகளை மறந்துவிடாதீர்கள். சுட்ட தங்கத்தில் இன்னும் சில விழுக்காடு பாதரசம் ஒட்டியிருக்கும். கடைக்காரர் மறுபடி உருக்குகிறார், பெரும்பாலும் கடைத்தெருவின் நடுவில். சுரங்கத்தில் கால் வைக்காதவர்களும் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். சுரங்கங்கள் சிதறிக் கிடக்கும், கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆவியைப் பிடிக்கும் புகைக்கூண்டை உரிம நிபந்தனையாக்குவதிலிருந்து நீங்கள் தொடங்கலாம். (சாதாரணத் தூசி முகமூடி பாதரச ஆவியைத் தடுக்காது. அதை வழங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.)

திட்டத்தின் வரவுசெலவில் சுகாதாரத்துக்கு எவ்வளவு என்பதைத் தனித் தலைப்பில் காட்டுங்கள். சோதனை முடிவு அதிகமாக வந்தவருக்கு அடுத்து என்ன செய்வது, சுடும் வேலையிலிருந்து விலகியிருக்கும் மாதங்களில் அவர் எப்படிப் பிழைப்பது என்பதற்கும் அங்கேயே பதில் இருக்கட்டும். அது தெரியாதவரை யாரும் சோதனைக்கு வர மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரைவுகளைத் தொடர்ந்து வாசிக்கும் ஒருவர்