மழை மேட்டில் ஒரு குத்துக்கல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா மறுபடி தோட்டத்துப் பக்கம் போக ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கல்லூரிக்குப் போய்விட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுகிறோம்.

போன வாரம் மைன் லியா என்கிற குத்துக்கல்லைப் பார்க்கப் போனோம். வேல்ஸில் உள்ள பிரெக்கன் பீக்கன்ஸ் மலைத்தொடரில், அஸ்திராத்ஃபெல்தே என்ற ஊரைத் தாண்டி மேலே ஏறினால் வரும். அங்கே மழைத் தண்ணீரை இரண்டாகப் பிரிக்கும் ஒரு மேடு இருக்கிறது. இந்தப் பக்கம் பெய்த மழை லியா ஆற்றில் சேர்ந்து தெற்கே போகும். மேட்டைத் தாண்டிய மழை சென்னி ஆற்றில் சேர்ந்து வடக்கே இறங்கும். கல் நிற்பது அந்த மேட்டுக்குப் பக்கத்தில். உயரம் 3.7 மீட்டர், அகலம் 2.8 மீட்டர், கனமோ 0.6 மீட்டர்தான். முன்னால் நின்றால் வழியையே மறைக்கிறது, பக்கவாட்டில் போனால் ஒல்லியாகிவிடுகிறது. வேலி கிடையாது, டிக்கெட் கிடையாது. செம்மறி ஆடுகள் உரசி உரசி அடிப்பக்கம் வழவழவென்று இருக்கிறது. மேலே சாம்பலும் வெள்ளையுமாகப் பாசி படர்ந்து, கை வைத்தால் சொரசொரக்கிறது. வெண்கலக் காலத்தில் நட்டது என்கிறார்கள். சேவல் கூவும்போது இந்தக் கல் எழுந்துபோய் நெட் ஆற்றில் தண்ணீர் குடித்துவிட்டு வருமாம். எதற்காக நட்டார்கள் என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை, கதை மட்டும் இருக்கிறது. எனக்கு அதுவே பிடித்திருந்தது.

அப்புறம் தெற்கே மூன்று கிலோமீட்டர் போல வந்தால், சார்ன் ஹெலன் என்ற பழைய ரோமானியச் சாலை ஓரத்தில் மைன் மாடோக் என்று இன்னொரு கல். இது அதைவிட ரொம்பப் பிந்தியது. ரோமானியர்கள் போன பிறகு, 5 அல்லது 6ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். எழுத்து மேலிருந்து கீழாக ஓடுகிறது, தலையைச் சாய்த்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். யுஸ்துஸின் மகன் தெர்வாகஸ், இங்கே கிடக்கிறான். அவ்வளவுதான். என்ன வேலை பார்த்தான், எந்தச் சண்டைக்குப் போனான், ஒன்றும் இல்லை.

அங்கே நிற்கும்போது உன் ஞாபகம்தான் வந்தது. அப்பாவின் சமாதிக் கல்லில் என்ன எழுதுவது என்று உனக்கும் தம்பிக்கும் பேச்சு முடியவில்லை என்று எழுதியிருந்தாய். பட்டம், பதவி, சங்கத் தலைவர் பொறுப்பு எல்லாம் போட வேண்டும் என்பது தம்பியின் ஆசை. அதில் தப்பில்லை, அவனுக்கு அப்பா மேல் அவ்வளவு பெருமை. ஆனால் என்னைக் கேட்டால், பேர், உங்கள் தாத்தா பேர், ஊர். இது போதும் என்றே படுகிறது. எழுத்தைக் கொஞ்சம் ஆழமாக வெட்டச் சொல். கல்லும் நல்ல கருங்கல்லாகப் பார்த்து வாங்கு, பளபளப்புக்காக டைல்ஸ் ஒட்டாதே. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சரி, விட்டுவிடு. இதற்காக இரண்டு பேரும் பேசாமல் இருக்க வேண்டாம். நான் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்