ஃப்ளோரோசிஸ்

டேய் முருகேசா,

எப்படி இருக்க, அம்மாவுக்கு கால் வலி தேவலையா? இங்க காரிமங்கலத்துல எல்லாரும் நல்லா இருக்கோம், மாங்கா இந்த வருஷம் சுமார்தான், பூ நல்லா வச்சுது, காத்துல பாதி கொட்டிடுச்சு.

பெரியவன பல் டாக்டர்கிட்ட காட்டுனேன்டா. காலேஜ் போற பையன், சிரிக்கறப்ப கைய வச்சு வாய மூடிக்கறான், முன்பல்லுல குறுக்க காவி கோடு, நம்ம செட்ல பாதி பேருக்கு இருந்துச்சே அதேதான். சீட்டுல டென்டல் ஃப்ளோரோசிஸ்னு எழுதுனாரு. ஈறுக்குள்ள நெலப்பல்லு உருவாகறப்பவே போர் தண்ணில அதிகமா இருக்கற ஃப்ளோரைடு உப்பு வேலைய காட்டிடுதாம், மொளச்சப்புறம் என்ன தேச்சாலும் போகாது. சின்னவ 2013ல ஒகேனக்கல் தண்ணி வந்த பின்னாடி பொறந்தவ, அவ பல்லு வெள்ள வெளேர்னு இருக்கு.

அந்த பேரு எங்கருந்து வந்துச்சுன்னு நைட்டு உக்காந்து தோண்டுனேன், உனக்குதான் இதெல்லாம் புடிக்கும். நம்ம ஒட்டு மாஞ்செடி கணக்கா முன்பாதி லத்தீன் பின்பாதி கிரேக்கம். லத்தீன்ல ஃப்ளூயெரேன்னா ஓடறது. தாது உருக்கற உலைல ஒரு கல்ல சேத்தா சீக்கிரம் எளகி ஓடுமாம், ஜெர்மன்காரரு அக்ரிகோலா 1530லயே அத லத்தீன்ல எழுதி வச்சிருக்காரு, அந்த கல்லுக்குள்ள இருக்கற தனிமத்துக்குதான் பிற்பாடு ஃப்ளோரின்னு பேராச்சு, ஃப்ளோரைடு அதோட உப்புதான். ஓசிஸ் கிரேக்க வால், நோய்னு காட்ட ஒட்டறது, நம்ம குவாரி ஆளுங்களுக்கு வர்ற சிலிகோசிஸ்லயும் அதே வால்தான்.

ஃப்ளோரின்னு வைங்கன்னு இங்கிலீஷ் விஞ்ஞானி டேவிக்கு லெட்டர் போட்டது யாரு தெரியுமா, ஆம்பியர், கரண்டுல சொல்றமே அவரேதான். அப்புறம் அவருக்கே மனசு மாறி, கிரேக்கத்துல அழிவுன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஃப்தோர்னு வைக்கலாம்னாரு, அத பிரிச்செடுக்க போன பல பேரு ஒடம்ப கெடுத்துகிட்டாங்க, கடைசில 1886ல பிரெஞ்சு விஞ்ஞானி முவாசான்தான் பிரிச்சாரு. இங்கிலீஷ்காரன் ஆம்பியர் பேச்ச கேக்கல, ரஷ்யாக்காரன் இன்னிக்கும் ஃப்தோர்னுதான் சொல்றான்.

என்ன கேட்டா ரஷ்யாக்காரன்தான் கரெக்ட். எங்க பெரியப்பாவ ஞாபகம் இருக்கா, கடைசில முதுகு கட்டையாயி, பின்னாடி இருந்து கூப்ட்டா கழுத்து திரும்பாம ஆளே சுத்தி திரும்புவாரு, அது எலும்புல ஏறுன இதே வியாதி. அதுக்கு போய் ஓடறதுன்னு பேரு வச்சிருக்கானுங்க பாரு. குடிக்கற தண்ணில ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அவரு காலத்துல எங்க கிணத்த யாரு அளந்தா.

பெரியவனுக்கு பல்லு மேல பூச்சு மாதிரி போடலாம்ங்கறாரு டாக்டர், செலவுதான் இடிக்குது. அங்க என்ன ரேட்டுன்னு விசாரிச்சு சொல்லு. ஆடி பதினெட்டுக்கு வர்றதா இருந்தா முன்னாடியே போன் பண்ணு, கடைசி நேரத்துல பஸ்ஸுல நிக்ககூட எடம் இருக்காது.

உன்
செல்வம்