இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்தை மறுபடி கூட்டுங்கள்

எங்கள் ஊர் மத நல்லிணக்கக் குழுவின் பெரியவர்களுக்கு,

வணக்கம். களியக்காவிளைப் பக்கத்து இந்த ஊரில் உங்களில் பலருடைய பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நம் குழுவின் மினிட்ஸ் நோட்டைப் போன வாரம் புரட்டினேன். கடைசியாக எழுதியிருப்பது 2020 பிப்ரவரி 8. அதற்கப்புறம் வெறும் தாள். கொரோனா வந்து கூட்டம் நின்றது, சரி. கொரோனா போய் இத்தனை வருஷம் ஆகியும் ஏன் கூடவில்லை? கேட்டால், "பேச விஷயம் ஒன்றும் இல்லையே டீச்சர்" என்கிறீர்கள்.

முக்கில் இருக்கிற சின்ன மாதா கோயிலான குருசடியின் கண்ணாடி உடைந்த ராத்திரி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2018 ஆடி மாதம், நல்ல காற்று. ஒன்பது மணிக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் படம் வந்துவிட்டது, யார் உடைத்தது என்ற பேச்சோடு. முக்கில் பையன்கள் கூடத் தொடங்கினார்கள். கோயில் செயலாளர் நேராகப் பள்ளிவாசல் மோதினாருக்குப் போன் போட்டார். இரண்டு பேரும் டார்ச் எடுத்துக்கொண்டு பங்குச்சாமியாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். உள்ளே மாதா சொரூபத்தின் காலடியில், கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில், ஒரு காய்ந்த தென்னை மட்டை கிடந்தது. அந்த மட்டையோடு மூன்று பேரும் நிற்கிற படம் போன பிறகுதான் ஊர் தூங்கியது.

அந்த நேரத்தில் செயலாளர் கையில் மோதினாரின் நம்பர் எப்படி இருந்தது? மாதாமாதம் நூலக மாடியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழம்பொரி தின்றதால் இருந்தது. அந்தக் கூட்டங்களில் பெரிதாக எதுவும் பேசியதாக நோட்டில் இல்லை. ஓடை அடைப்பு, தெருவிளக்கு, கொடைவிழா எந்தத் தேதி, தேர்ப்பவனி எந்தத் தேதி, அவ்வளவுதான்.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் மூண்டபோது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். பள்ளிக்கூடம் மறுபடி திறந்த அன்று, ஒரே பெஞ்சில் இருந்த பிள்ளைகள் யாரும் சொல்லாமலே பிரிந்து உட்கார்ந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். இன்னமும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து சமாதானம் பேசினார். நீதிபதி வேணுகோபால் கமிஷன் விசாரித்தது. அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் எல்லாம் உயிர்கள் போன பிறகு.

போன மாசியில் என்ன ஆயிற்று? மைக் செட் தகராறு தாலுகா ஆபீஸ் அமைதிக் கூட்டம் வரை போனது. மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. எல்லாம் நம் ஆட்கள். பிளஸ் டூ பரீட்சை நடக்கிறது, குழாயைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்கும் விஷயம். சொல்வதற்கு ஓர் இடம் இல்லாமல் போனது. அதிகாரிகள் எழுதி வாங்கிய கையெழுத்தால் சத்தம் குறைந்தது. ஆனால் தகராறு செய்த இரண்டு வீட்டுக்காரர்களும் இன்னமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதனால் கேட்கிறேன். சண்டை வந்தால் கூடலாம் என்று இருக்காதீர்கள். ஒன்றும் இல்லாத மாதத்திலும் கூடுங்கள், அரை மணி நேரம் போதும். திருவிழாத் தேதிகளை நோட்டீஸ் அச்சடிக்கும் முன்னால் அங்கே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, பழைய நோட்டில் பெண்கள் பெயர் நான்குதான். சர்ச் அன்பியத்திலும் கோயில் சமய வகுப்பிலும் பள்ளிவாசல் ஓதுபள்ளியிலும் பிள்ளைகளோடு தினம் பழகுகிறவர்கள் பெண்கள்தானே? அவர்களையும் கூப்பிடுங்கள். குருசடி முக்கில் அன்றைக்குக் கூடிய பையன்களையும் கூப்பிடுங்கள், இப்போது அவர்கள் வளர்ந்த ஆட்கள்.

நூலக மாடிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. வருகிற இரண்டாம் சனிக்கிழமை ஐந்து மணிக்குத் திறந்து, பெருக்கி, நாற்காலி போட்டு வைக்கிறேன். சுக்குக் காப்பி என் வீட்டிலிருந்து வரும். பழைய நோட்டையே கொண்டு வருகிறேன், இன்னும் பாதிக்கு மேல் தாள் மிச்சம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்