படியேற முடியாதவர்களும் பாரிஸைப் பார்க்கட்டும்

பாரிஸும் சுற்றுப்புறமும் அடங்கிய இல்-து-பிரான்ஸ் பிராந்தியத்தின் பொதுப் போக்குவரத்து ஆணையத்துக்கு,

வணக்கம். கோடை வந்தால் இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் அப்பா அம்மா வருவார்கள். ஈபிள் கோபுரத்தையும், 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர தாம் தேவாலயத்தையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மெட்ரோ ரயிலில் அங்கே போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. ஒரு கை கம்பியில், ஒரு கை முழங்காலில், பின்னால் அவசரப்படும் கூட்டம். படி முடிந்தது என்று மூச்சு விட்டால், திருப்பத்தில் இன்னொரு வரிசைப் படி நிற்கும்.

பாரிஸ் மெட்ரோ 1900இல், உலகக் கண்காட்சி நடந்த ஆண்டில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்துச் சுரங்கங்களில் இன்று லிஃப்ட் வைப்பது லேசான வேலை இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். லூவ்ர், கொன்கோர்து, வெற்றி வளைவு என்று பயணிகள் தேடிப்போகும் இடங்களையெல்லாம் தொட்டுச் செல்லும் 1ஆம் தடத்தை 2012இல் ஓட்டுநர் இல்லாமல் ஓடும்படி மாற்றிவிட்டார்கள். ஆனால் அதன் பெரும்பாலான நிலையங்களில் படிகள் அப்படியேதான் இருக்கின்றன. 1998இல் வந்த 14ஆம் தடத்தில் மட்டும்தான் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் பழைய மெட்ரோவுக்கு விலக்குக் கொடுத்தது. அதற்கு ஈடாக, ஏற முடியாதவர்களுக்கு மாற்று வழி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த மாற்று வழி பேருந்துதான். நல்ல வழியும்கூட. நிறுத்தத்தில் பஸ் ஒரு பக்கமாகத் தாழும். நடுக்கதவின் அடியிலிருந்து பலகை நீளும். சக்கர நாற்காலி அப்படியே உள்ளே போகும். 69ஆம் எண் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்தி, நகர மன்றம், லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகம், இன்வாலித் என்று போய் ஈபிள் கோபுரத்தடியில் உள்ள ஷான் து மார்ஸில் முடிகிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஊரின் பாதி அழகை உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். சுரங்கத்துக்குள் போகிறவருக்கு இது கிடைக்காது.

இந்த மாற்று வழிக்கு ஏன் தனிக் கட்டணம் என்பதுதான் எங்கள் கேள்வி. வடக்குப் புறநகரான சென்-தெனியில் இருக்கும் ஒரு பாட்டி லிஃப்ட் உள்ள 14இல் ஏறி நகர நடுவில் உள்ள ஷாத்லே வந்து, அங்கே 69ஐப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 தொடக்கத்தில் நீங்கள் கொண்டுவந்த முறைப்படி மெட்ரோவுக்கு ஒன்று (2025இல் 2.50 யூரோ), பஸ்ஸுக்கு ஒன்று (2025இல் 2 யூரோ) என்று இரண்டு டிக்கெட். படியேறி, ஈபிள் கோபுரத்துப் பக்கம் போகும் 6ஆம் மெட்ரோ தடத்துக்கு மாறிப் போகிறவருக்கு ஒரே டிக்கெட் போதும். முழங்கால் நன்றாக இருப்பவரைவிட, முடியாதவர் கூடுதலாகக் கொடுக்கிறார். நாள் பாஸ் இருக்கிறதே என்பீர்கள். இரண்டு மணி நேரத்தில் களைத்து வீடு திரும்பும் வயதானவருக்கு அது கட்டுப்படியாகாது. கணக்குத் தொடங்கி, பயணித்ததற்கு மட்டும் மாதாமாதம் கட்டணம் செலுத்தும் நவிகோ லிபெர்தே பிளஸ் அட்டைக்காரர்களுக்கு மெட்ரோவிலிருந்து பஸ்ஸுக்கு மாறும் வசதியைக் கொடுத்திருக்கிறீர்களே, அதையே விருந்தாளியின் டிக்கெட்டுக்கும் கொடுங்கள்.

அப்புறம், அறிவிப்புகள். சுற்றுலாத் தலங்களுக்கான மெட்ரோ வாசல்களில், உள்ளே இறங்குவதற்கு முன்பே தெரியும்படி, மொத்தம் எத்தனை படி, எஸ்கலேட்டர் எந்த வாசலில், பக்கத்துப் பஸ் நிறுத்தம் எங்கே என்று ஒரு பலகை வையுங்கள். ஊர்வலம், ஓட்டப்பந்தயம் என்று வார இறுதியில் பஸ் வேறு வழியாகத் திருப்பிவிடப்பட்டால், அதை நிறுத்தத்திலேயே பெரிய எழுத்தில், ஆங்கிலத்திலும் சேர்த்து எழுதுங்கள். வெயிலில் நின்று, வராத பஸ்ஸுக்காகக் காத்திருப்பது வயதானவர்களுக்குப் பெரிய வேதனை.

2024 பாராலிம்பிக் நேரத்தில், பழைய மெட்ரோவையும் எல்லோருக்கும் ஏற்றதாக மாற்ற வேண்டும் என்று பிராந்தியத் தலைமையே பேசியது. அந்த வேலை முடியப் பல ஆண்டுகள் ஆகும். நாங்கள் கேட்கும் டிக்கெட் மாற்றத்துக்கும் பலகைகளுக்கும் ஒரு சுரங்கத்தையும் தோண்ட வேண்டியதில்லை. அடுத்த கோடைக்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
பெற்றோரை அழைத்துக்கொண்டு பாரிஸைச் சுற்றும் ஒரு தமிழர்