அந்த 90 சதவீதம் எதைச் சொல்கிறது?

அன்புள்ள மதிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ அழுதுகொண்டே சொன்னதில் பாதிதான் புரிந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்த பிறகுதான் விஷயம் தெளிவானது. முழங்காலில், தொடை எலும்பின் உள்பக்க முனையில், எலும்பு தெரியும் அளவுக்கு அதை மூடியிருக்கும் குருத்தெலும்பு பெயர்ந்திருக்கிறது. பரப்பு 2 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆபரேஷன் செய்தால் 90 சதவீதம் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் சரியாவது எது, வலியா, விளையாட்டா, எத்தனை வருடத்துக்கு என்பதைக் கேட்காமல் தேதிக்குச் சம்மதித்துவிடாதே.

பிசியோவாக வேலை பார்த்த காலம் முழுக்க நான் கண்டது இது. வலி குறைந்து மாடிப்படி ஏறினாலே ரிப்போர்ட்டில் நல்ல பலன் என்று எழுதிவிடுவார்கள். அறுபது வயதுக்காரருக்கு அது போதும். பாஸ்கெட்பாலில் வளையத்தில் பட்டுத் திரும்பும் ரீபவுண்டுக்கு எம்பி, நாலு பேருக்கு நடுவில் ஒற்றைக் காலில் இறங்குகிற உனக்கு அது போதாது. முழங்காலை மதிப்பிட 'கூஸ்' என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. அதில் வலி, அன்றாட வேலை, விளையாட்டு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். அன்றாட வேலையில் 95 வாங்கியவர் விளையாட்டில் 60-இல் நிற்கலாம். நீ பார்க்க வேண்டியது அந்த விளையாட்டு மதிப்பெண்ணைத்தான்.

அடுத்தது, எந்த ஆபரேஷன் என்பது. குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால் அது தானாக ஆறாது. மைக்ரோஃப்ராக்சர் என்பது எலும்பில் சின்னச் சின்னத் துளை போட்டு, மஜ்ஜையிலிருந்து வரும் ரத்தத்தை அந்தப் பள்ளத்தில் உறைய வைப்பது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் 1980களில் கொண்டுவந்த முறை. எளிது, செலவும் குறைவு. ஆனால் அங்கே வளர்வது நாராலான திசு, பழைய வழுவழுப்பான குருத்தெலும்பு அல்ல. முதல் இரண்டு வருடம் நன்றாக இருக்கும், அப்புறம் பலருக்குத் தேயத் தொடங்கும். இன்னொன்று மொசைக்பிளாஸ்டி. அதே முழங்காலில் பாரம் அதிகம் விழாத ஓரத்திலிருந்து, எலும்போடு சேர்த்துக் குருத்தெலும்புத் துண்டுகளை எடுத்துப் பள்ளத்தில் பதிப்பது.

இந்த இரண்டையும் லிதுவேனியாவில் இளம் விளையாட்டு வீரர்களிடமே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 60 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 2005-இல் வெளியான முடிவில், துண்டு பதித்தவர்களில் 93 சதவீதம் பேர் பழைய நிலைக்கே திரும்பியிருந்தார்கள். துளை போட்டவர்களில் 52 சதவீதம்தான். பத்து வருடம் கழித்து அவர்களையே மறுபடி பார்த்தபோது, காயத்துக்கு முன்பிருந்த அளவுக்கு உடலை இயக்கிக்கொண்டிருந்தவர்கள் முறையே 75, 37 சதவீதம். பார்த்தாயா, அதே ஆட்கள், அதே ஆபரேஷன். பார்க்கும் வருடம் மாறினால் எண்ணும் மாறுகிறது. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் உன் வயதுக்காரர்களிடம், கிட்டத்தட்ட உன்னுடையதைப் போன்ற காயத்தில் செய்தது என்பதால் எனக்கு அது முக்கியம்.

அமெரிக்க பாஸ்கெட்பால் லீகான என்பிஏ-யில் நீ ரசிக்கும் அமாரே ஸ்டாடமையர் 2005 அக்டோபரில் மைக்ரோஃப்ராக்சர் செய்துகொண்டார். 2006-07 சீசனில் 82 ஆட்டங்களிலும் இறங்கினார். அதைத்தானே நேற்று சொன்னாய்? கிரெக் ஓடனையும் நினைத்துப் பார். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2007 டிராஃப்டில் முதல் தேர்வு, முதல் ஆட்டத்துக்கு முன்பே அதே ஆபரேஷன், அந்த சீசன் முழுக்கப் போயிற்று. மொத்தத்தில் அவர் என்பிஏ-யில் ஆடியது 105 ஆட்டங்கள். ஒருவரை மட்டும் வைத்து நம்பவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

உனக்குச் சாதகமானவையும் இருக்கின்றன. இளம் வயது, சின்னப் பள்ளம், காயம் பட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. இந்த மூன்றும் இருப்பவர்கள்தான் அதிகமாகத் திரும்புகிறார்கள். ஆனால் கால் வளைவையும், மூட்டைப் பிணைக்கும் நாரான லிகமெண்டையும் சோதித்தார்களா என்று கேள். கால் நேராக இல்லாமல் பாரம் முழுக்க அந்த இடத்திலேயே விழுந்தால் எந்த ஒட்டும் நிற்காது. துண்டு எடுக்கும் இடத்தில் பின்னால் வலி வருமா என்பதையும் கேள். டாக்டர் தன் கையால் ஆபரேஷன் செய்த விளையாட்டு வீரர்களில் எத்தனை பேர் பழைய நிலையில் ஆடினார்கள், அதில் எத்தனை பேர் மூன்றாவது வருடமும் ஆடினார்கள் என்று கேள். கூச்சப்படாதே, நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

டீம் கோச் அடுத்த போட்டித் தேதியைச் சொல்லி அவசரப்படுத்தினால் என்னிடம் பேசச் சொல். வலி நின்றதை வைத்து மைதானத்தில் இறங்க விட மாட்டேன். தொடைத் தசையின் பலம் இரண்டு காலிலும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும், ஒற்றைக் கால் தாவலில் முட்டி உள்ளே மடங்கக் கூடாது, மறுநாள் வீக்கம் வரக் கூடாது. அதற்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகட்டும்.

டாக்டரை அடுத்து எப்போது பார்க்கிறாய் என்று சொல். வீடியோ காலில் என்னையும் சேர்த்துக்கொள். ஊன்றுகோலோடு நடக்கும் வாரங்களுக்கு நான் பெங்களூரு வந்து உன்னோடு இருக்கிறேன், அப்பா டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுவரை ஜம்ப் டிரில் வேண்டாம், தங்கம்.

அன்புடன்,
அம்மா