வாழப்பாடிக்கு ஒன்பது கேள்விக்குறி

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் மெயில் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அன்றைக்கே ரெண்டு வரி போட்டிருக்கலாம், ஆனால் நீ கேட்டது, அதாவது உங்கள் டேட்டாபேஸ் ப்ராஜெக்ட் லேப்டாப்பில் பில்ட் ஆகிறது, பில்ட் சர்வரில் மட்டும் ஏன் பிழை வருகிறது என்பது, ரெண்டு வரியில் முடிகிற சமாசாரம் இல்லை, அதுவும் புதிதாக எட்டுப் பேரை வைத்துக்கொண்டு நீ ஆரம்பிக்கிற நேரத்தில் அரைகுறையாக எதையாவது சொல்லிவிடக் கூடாது என்று தள்ளிப்போட்டேன். இடையில் பெரியப்பா கூப்பிட்டார் என்று ஏற்காடு போய்விட்டு இன்று மதியம்தான் இறங்கினேன். போன வாரம் மேலே நல்ல மழை, காப்பிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. மூன்றாம் வருஷம் நாலு பேர் ரெண்டு பைக்கில் போனோமே, 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே ஏறியதும் மல்லிகைத் தோட்டம் எங்கே இருக்கு என்று நீ கேட்டாயே, அதே வாசனை. பெரியப்பாவுக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது, ஆனாலும் மிளகுக் கொடி பார்க்க சில்வர் ஓக் மரம் மரமாக நடக்கிறார். உன்னை விசாரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். எம்எஸ்பி 4019 என்ற பிழை, பில்டுக்கு வேண்டிய எஸ்க்யூஎல் டாஸ்க்ஸ் டார்கெட்ஸ் கோப்பைக் காணோம் என்கிறது. பாதையில் 'வி 11.0' என்று இருப்பதால் அது விஷுவல் ஸ்டுடியோ 2012 ஆச்சே, அதைத் தேடிப் பிடித்துப் போடலாமா என்று உன் டீம் பையன் கேட்டதாக எழுதியிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். அதே பாதையில் கொஞ்சம் முன்னால் பார், டாட்நெட் எஸ்டிகே ஃபோல்டர் பெயர் இருக்கிறது. உங்கள் பில்ட் சர்வரில், அதாவது எல்லோருடைய கோடையும் எடுத்துத் தானாகத் தொகுக்கிற மெஷினில், ஓடியது 'டாட்நெட் பில்ட்' கட்டளை. உன் டீம் லேப்டாப்பில் ஓடுவது விஷுவல் ஸ்டுடியோவோடு வந்த எம்எஸ்பில்ட் என்ற தொகுப்புக் கருவி. டேட்டாபேஸ் ப்ராஜெக்ட் கோப்பைச் சும்மா நோட்பேடில் திறந்து பார், அதுவும் ஒரு எம்எஸ்பில்ட் கோப்புதான். வெர்ஷன் எண் யாரும் கொடுக்காவிட்டால் 11.0 என்று வைத்துக்கொள் என ஒரு வரி அதற்குள் இருக்கும், பழைய வழக்கப்படி எழுதப்பட்ட வரி அது. அந்த எண்ணை வைத்துத்தான் எஸ்எஸ்டிடி (விஷுவல் ஸ்டுடியோவுக்கான எஸ்க்யூஎல் சர்வர் டேட்டா டூல்ஸ்) ஃபோல்டரைத் தேடுகிறது. டாட்நெட் எஸ்டிகேக்குள் அப்படி ஒரு ஃபோல்டரே கிடையாது, அதனால் 2012ஐப் போட்டாலும் இதே பிழைதான் வரும்.

இந்த எண் குழப்பத்தை முதல் நாளே உன் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லிவிடு. விஷுவல் ஸ்டுடியோ 2017க்கு உள் எண் 15, 2019க்கு 16, 2022க்கு 17. எஸ்க்யூஎல் சர்வருக்கு அது வேறு கணக்கு: 2016 என்றால் 130, 2017 என்றால் 140, 2019 என்றால் 150, 2022 என்றால் 160. ஒருத்தன் '16' என்று சொன்னால் எதைச் சொல்கிறான் என்று கேட்டுக்கொள்ளாமல் எங்கள் ஆபீஸில் ஒரு மதியம் முழுக்க வீணானது.

பில்ட் சர்வரில் முழு விஷுவல் ஸ்டுடியோ வேணுமா என்று கேட்டாய். தேவையில்லை. பில்ட் டூல்ஸ் என்று தனியாக இருக்கிறது, அதில் டேட்டா ஸ்டோரேஜ் வொர்க்லோடை டிக் செய்தால் டேட்டாபேஸ் ப்ராஜெக்ட் பில்ட் ஆகத் தேவையானது வந்துவிடும். ஒன்று மட்டும் கவனி. விஷுவல் ஸ்டுடியோ 2022 64 பிட் ஆனபிறகு 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்கு மாறிவிட்டது, பில்ட் டூல்ஸ் இன்னும் 'எக்ஸ் 86' போட்ட பழைய ஃபோல்டரில்தான் உட்காருகிறது. யாராவது ஸ்கிரிப்டில் முழுப் பாதையை எழுதி வைத்திருந்தால் லேப்டாப்பில் ஓடும், சர்வரில் ஓடாது. பாதையை எழுதாதே, 'விஎஸ்வேர்' என்ற சின்ன கருவியைக் கேட்கச் சொல், அது இருக்கிற இடத்தைச் சொல்லிவிடும். டேட்டாபேஸ் ப்ராஜெக்ட் பில்ட் ஆனால் கிடைக்கிற தொகுப்புக் கோப்புதான் டேக்பேக்; இதே வியாதி மாஸ்டர் டேக்பேக் ரெஃபரன்ஸிலும் வரும், அதையும் பார்த்துவிடு.

டாட்நெட் பில்டிலேயே ஓட வேண்டும், சர்வர் லினக்ஸ் என்றால், ப்ராஜெக்ட்டை மைக்ரோசாஃப்ட் பில்ட் எஸ்க்யூஎல் எஸ்டிகே முறைக்கு மாற்ற வேண்டும். நல்ல வழிதான், எந்த எஸ்டிகே வெர்ஷன் என்பது ப்ராஜெக்ட் கோப்பின் தலையிலேயே இருக்கும் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் விஷுவல் ஸ்டுடியோ 2022ல் இருக்கிற பழைய எஸ்எஸ்டிடியால் அந்தக் கோப்பைத் திறக்க முடியாது, அதற்கு வேறு எஸ்எஸ்டிடி போடணும், ரெண்டையும் ஒரே இன்ஸ்டாலில் வைக்க முடியாது. எட்டுப் பேரும் ஒரே நாளில் மாறுவதாக இருந்தால் மட்டும் இதில் இறங்கு. உங்கள் டேட்டாபேஸில் சிஎல்ஆர் ப்ரொசீஜர் (டாட்நெட்டில் எழுதி டேட்டாபேஸுக்குள் ஓடுவது) ஏதாவது இருந்தால் இப்போதைக்கு இறங்கவே வேண்டாம்.

இதெல்லாம் நீயே ரெண்டு நாளில் தேடிக் கண்டுபிடித்துவிடுவாய். நான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுவது வேறொன்றுக்காக. போன தை மாசம் நடந்ததை உன்னிடம் போனில் பாதிதான் சொன்னேன்.

ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு எடைமேடை சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்திருக்கிறோம். குச்சிக்கிழங்கு லாரி வந்தால் எடை, மாவுப் பாயிண்ட் (கிழங்கில் எவ்வளவு மாவு என்ற அளவு), விவசாயி பெயர், ஊர் எல்லாம் போட்டுத் தமிழில் சிட்டை வரும். அவர்களிடம் இருப்பது எஸ்க்யூஎல் சர்வர் 2017. அதற்கு 2027 அக்டோபர் வரை மைக்ரோசாஃப்ட் ஆதரவு இருக்கிறது, ஓடுகிற வண்டியை எதற்கு மாற்றணும் என்று முதலாளி கேட்கிறார், அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கு. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி தன் லேப்டாப்பில் 2022 போட்டுக்கொண்டான், போடும்போது கொலேஷனில், அதாவது எழுத்துகளை எப்படி வைப்பது, வரிசைப்படுத்துவது என்ற அமைப்பில், யுடிஎஃப் 8ஐத் தேர்ந்தெடுத்துவிட்டான். நல்ல எண்ணத்தில்தான், தமிழ் வரணுமே என்று. ஊர்ப் பட்டியலைப் புதுப்பிக்கிற போஸ்ட் டிப்ளாய்மெண்ட் ஸ்கிரிப்டை (டேட்டாபேஸைப் போட்டு முடித்ததும் ஓடுவது) அவன்தான் எழுதினான். ஊர்ப் பெயருக்கு முன்னால், இது யூனிகோடு என்று சர்வருக்குச் சொல்லப் போட வேண்டிய ஆங்கில 'என்' எழுத்தைப் போடவில்லை. அவன் மெஷினில் அது இல்லாமலே தமிழ் அழகாக வந்தது, ஏனென்றால் யுடிஎஃப் 8 கொலேஷனில் அது தேவைப்படாது. அந்த வசதி வந்ததே 2019ல், 2017க்கு அது தெரியாது. நான் ரிவ்யூ செய்தேன், நானும் கவனிக்கவில்லை. பில்ட் சர்வர் பச்சை காட்டியது. காட்டாமல் என்ன செய்யும், பில்ட் என்பது அந்த ஸ்கிரிப்டை இலக்கணப் பிழை இருக்கிறதா என்று பார்க்குமே தவிர ஓட்டிப் பார்க்காது.

ராத்திரி பத்து மணிக்குப் போட்டோம். காலை ஆறரைக்கு ஆலையிலிருந்து சிட்டையைப் படம் எடுத்து அனுப்பினார்கள். எடை சரி, பாயிண்ட் சரி, விவசாயி பெயர் சரி, ஊர் என்ற இடத்தில் ஒன்பது கேள்விக்குறி. கண்ணை மூடித் திறந்து எண்ணினேன் மாப்ள, ஒன்பது. வாழப்பாடி. நம் கண்ணுக்கு அது அஞ்சு எழுத்து, யூனிகோடில் துணைக்கால், புள்ளி, 'டி'யின் மேல்வளைவு ஒவ்வொன்றும் தனிக் கணக்கு, அதனால் ஒன்பது. அடுத்த சிட்டையில் ஏழு இருந்தது, அது ஆத்தூர். கேள்விக்குறியாகிவிட்ட எழுத்து திரும்பி வராது, அது மறைந்து நிற்கவில்லை, அழிந்தே போய்விட்டது. முந்தின நாள் பேக்கப்பிலிருந்து பட்டியலை எடுத்து, 'என்' போட்டு மறுபடி ஓட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் பதினோரு வண்டி கிழங்கை வைத்துக்கொண்டு வெளியே நின்றது. குச்சிக்கிழங்கு பிடுங்கின பிறகு ரொம்ப நேரம் தாங்காது, மாவு குறைந்தால் பாயிண்ட் குறையும், பாயிண்ட் குறைந்தால் விவசாயிக்குக் காசு குறையும். ஊர்ப் பெயர் தப்பான சிட்டையை வாங்கிக்கொண்டு போன பெரியவர் ஒருத்தர், இதை பேங்கில் காட்டினால் ஒத்துக்கொள்வார்களா தம்பி என்று ஆலை ஆளிடம் கேட்டிருக்கிறார். அதை அந்த ஆலை ஆள் என்னிடம் சொன்னபோது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அந்தத் தம்பியை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவன் எந்த வெர்ஷன் போடணும், எந்த கொலேஷன் வைக்கணும் என்று நாங்கள் எங்குமே எழுதி வைக்கவில்லை. எனக்குத் தெரியும், இன்னொருத்தருக்குத் தெரியும், அவ்வளவுதான். எந்தக் கருவி, எந்த வெர்ஷன், எந்த சர்வருக்கு என்பதும் சோர்ஸ் கோட் மாதிரியே 'கிட்'டில் (கோடைப் பதிப்பு பதிப்பாக வைக்கிற Git) இருக்கணும் மாப்ள. யார் தலைக்குள்ளேயும் இருக்கக் கூடாது. இதை நீ முதல் வாரத்திலேயே செய்துவிடு, ஆறு மாசம் கழித்துச் செய்வது ரொம்பக் கடினம்.

நாங்கள் இப்போது வைத்திருப்பதைச் சொல்கிறேன். டேட்டாபேஸ் ப்ராஜெக்ட்டில் டார்கெட் பிளாட்ஃபார்ம் 2017 என்று வைத்திருக்கிறோம், கொலேஷனும் ஆலையில் இருப்பதுதான். லேப்டாப்பில் எவன் 2022 வைத்திருந்தாலும் பரவாயில்லை, 2017ல் இல்லாத எதையாவது எழுதினால் பில்ட்டே எச்சரிக்கும் இல்லை நின்றுவிடும். டார்கெட்டை 2022 என்று விட்டுவிட்டுப் பழைய சர்வரில் போட முயன்றால் பப்ளிஷ் நேரத்தில்தான் முடியாது என்று சொல்லும், அது ராத்திரி பத்து மணியாக இருக்கும். விஷுவல் ஸ்டுடியோவில் என்னென்ன டிக் செய்யணும் என்பதை 'விஎஸ்கான்ஃபிக்' கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து கிட்டில் போட்டாயிற்று, புதிதாக வருகிறவன் அதை இம்போர்ட் செய்தால் போதும். டாட்நெட் எஸ்டிகே வெர்ஷன் குளோபல் ஜேசான் கோப்பில்.

டேக்பேக்கைச் சர்வரில் பப்ளிஷ் செய்கிற எஸ்க்யூஎல் பேக்கேஜ் கருவியை யாரும் தனியாக இன்ஸ்டால் செய்வதில்லை, டாட்நெட் டூல் மேனிஃபெஸ்டில் வெர்ஷனோடு எழுதியிருக்கிறோம், ஒரு ரீஸ்டோர் கட்டளை கொடுத்தால் லேப்டாப்பிலும் பில்ட் சர்வரிலும் அதே எண் இறங்கும். இது ரொம்ப முக்கியம். புது கருவியில் 2022க்கு என்று செய்த டேக்பேக்கைப் பழைய எஸ்க்யூஎல் பேக்கேஜிடம் கொடுத்தால் '160 ஸ்கீமா ப்ரொவைடர் செல்லாது' என்று புரியாத பாஷையில் கத்தும். டேக்பேக் கெட்டுப்போய்விட்டதோ என்று நினைப்பாய். டேக்பேக் வெறும் ஜிப் கோப்புதான், பெயரை மாற்றித் திறந்து பார், உள்ளே மாடல் எக்ஸ்எம்எல்லில் எந்த 1xx என்று எழுதியிருக்கும்.

கடைசியாகச் சேர்த்தது, எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வர வைத்தது: பில்ட் சர்வரில் எஸ்க்யூஎல் சர்வர் 2017 கன்டெய்னர் ஒன்று ஒவ்வொரு பில்டுக்கும் எழும்புகிறது, டேக்பேக்கை அதில் உண்மையிலேயே பப்ளிஷ் செய்கிறோம், போஸ்ட் டிப்ளாய்மெண்ட் ஸ்கிரிப்ட் ஓடுகிறது, ஊர்ப் பட்டியலில் கேள்விக்குறி இருக்கிற ஒரு வரி கிடைத்தாலும் பில்ட் சிவப்பு. 2 ஜிபி ராம் ஒதுக்கினால் போதும். கன்டெய்னர் இமேஜின் வெர்ஷனைச் சொல்கிற டேகில் 'லேட்டஸ்ட்' என்று மட்டும் எழுதாதே, எந்த அப்டேட் என்று முழுசாக எழுது. சரியும் தப்பும் எட்டு நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது.

எஸ்எஸ்ஐஎஸ் (எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டா இடமாற்றக் கருவி) பற்றியும் கேட்டிருந்தாய். அது தனி எக்ஸ்டென்ஷன், தனித் தலைவலி, பில்டுக்கு வழக்கமாக டெவ்என்வி, அதாவது விஷுவல் ஸ்டுடியோவையேதான், பயன்படுத்துவார்கள், அதனால் அதற்கு மட்டும் முழு விஷுவல் ஸ்டுடியோ வைத்த ஒரு மெஷினை ஒதுக்கிவிடு. நேரில் பேசுவோம்.

அப்புறம் உங்கள் ஆபீஸ் நெட் மெதுவாக இருக்கு என்றாயே. எட்டு மெஷினும் தனித்தனியாக இறக்க வேண்டாம். இன்ஸ்டாலருக்கு 'லேஅவுட்' ஆப்ஷன் கொடுத்து ஒருமுறை ஒரே ஃபோல்டரில் இறக்கி வைத்துக்கொண்டால் எல்லா மெஷினுக்கும் அதிலிருந்தே போடலாம், எல்லோருக்கும் ஒரே வெர்ஷனும் ஆகிவிடும். மொழி ஒன்றை மட்டும், உனக்கு வேண்டிய வொர்க்லோடை மட்டும் சொல், இல்லாவிட்டால் உலகத்தில் உள்ள எல்லாம் இறங்கும். நெட்டே இல்லாத மெஷினென்றால் அந்த ஃபோல்டருக்குள் இருக்கிற சர்டிஃபிகேட்டுகளை முதலில் போடு. நாங்களும் விஷுவல் ஸ்டுடியோ புரொஃபஷனல்தான் வைத்திருக்கிறோம், எங்கள் லேஅவுட் தயாராக இருக்கு, வரும்போது காலியாக ஒரு எஸ்எஸ்டி மட்டும் எடுத்து வா, நானே காப்பி செய்து தருகிறேன்.

மே மாசம் வா. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் பெரியப்பா இந்த வருஷம் நடந்தே போகணும் என்கிறார், கூட ஒரு ஆள் இருந்தால் எனக்கும் தைரியம். மல்கோவா வந்திருக்கும், அம்மா உனக்கென்று வைத்திருப்பாள். சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிட நம் பழைய கடைக்குப் போகலாம், கடைக்காரர் இப்போது மகனிடம் கொடுத்துவிட்டார், காரச் சட்னி அதே மாதிரிதான் இருக்கு.

அதற்கு முன்னால் உன் ப்ராஜெக்ட் கோப்பின் முதல் இருபது வரியையும், உன் கஸ்டமர் சர்வர் என்ன வெர்ஷன், என்ன கொலேஷன் என்பதையும் நாளைக்கு அனுப்பி வை. கொலேஷனை யாரிடமும் கேட்காதே, சர்வரிலேயே ஒரு க்வெரி போட்டுப் பார்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்